ஹோட்டன் சமவெளியில் இரண்டு இரவுகள்



விடுமுறை வந்தால் நம்மவர்கள் 'ட்ரிப்' போகும் அழகை நீங்கள் அறிவீர்கள். வேனின் பின்பக்கத்தில் சோற்றுப் பானை, கறிச் சட்டி, கேஸ் அடுப்பு, ஒரு பெட்டி நிறைய லஞ்ச் ஷீட். ஆண்கள் காட்சி பார்ப்பார்கள்; பிள்ளைகள் ஆற்றில் இறங்குவார்கள்; பெண்கள் மரத்தடியில் குந்தி வெங்காயம் உரிப்பார்கள். மாலையில் அத்தனை பாத்திரத்தையும் கழுவி ஏற்றுவதும் அவர்கள்தான். "குசினிய வேன்ல ஏத்திக்கொண்டு போறதுக்குப் பேரா பயணம்?" என்று என் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி.

ஆகவே ஓர் ஏப்ரல் விடுமுறையில், சமைக்க முடியாத இடமாகப் பார்த்துப் போனோம். ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவில் கூடாரம் அடித்துத் தங்கலாம். அதற்கென ஒதுக்கிய இடங்கள் உண்டு. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். புல்வெளியில் நெருப்பு மூட்டத் தடை. வறண்ட மாதங்களில் ஒரு தீக்குச்சி போதும், ஏக்கர் கணக்கில் எரிந்துவிடும். பெரிய சமையலுக்கு வழியில்லை என்று கேட்டதும் எங்கள் வீட்டுப் பெண்களின் முகத்தில் வந்த மகிழ்ச்சியைப் பார்த்திருக்க வேண்டும்!

கரவனெல்லயிலிருந்து யட்டியாந்தோட்டை, கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன், நுவரெலியா, பட்டிப்பொல என்று பாதை ஏறுகிறது. கித்துல்கல வரை களனி கங்கை பக்கத்திலேயே வரும். பிறகு றப்பர் மரங்கள் மறைந்து தேயிலை தொடங்கும். பட்டிப்பொலவுக்கு மேலே தேயிலையும் முடிந்து, பாசி தொங்கும் குட்டை மரங்களும் பனிமூட்டமும்தான். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றர் உயரம். காதடைத்துப்போன பிள்ளைகளுக்குச் சப்ப ஏதாவது கொடுங்கள், சரியாகிவிடும்.

1831 முதல் 1837 வரை இலங்கையை ஆண்ட ஆளுநர் வில்மட் ஹோட்டனின் பெயரை வெள்ளையர் இதற்கு வைத்தார்கள். சிங்கள மக்களுக்கு இது மஹ எலிய. மலைநாட்டுக் காடுகளெல்லாம் கோப்பிக்கும் தேயிலைக்கும் அழிந்துகொண்டிருந்த காலத்தில், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடவேண்டாம் என்று 1873இல் தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் ஆலோசனை சொன்னார். அந்த வார்த்தை காப்பாற்றிய காடு இது. 1960களில் இங்கும் விதை உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பார்த்தார்கள். நல்லவேளையாக அது நின்றது. 1969இல் இயற்கை ஒதுக்ககமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. 2010இல் யுனெஸ்கோ இதையும் சிவனொளிபாதமலைக் காட்டையும் நக்கிள்ஸ் மலையையும் சேர்த்து உலக மரபுரிமையாக அறிவித்தது.

இந்தக் காட்டின் வேலை என்ன தெரியுமா? மழை பெய்யாத நாளிலும் மரங்கள் பனிமூட்டத்தை இலையிலும் பாசியிலும் பிடித்து, சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் இறக்குகின்றன. மகாவலி, வளவை, களனி ஆகிய மூன்று கங்கைகளுக்கும் இங்கிருந்து நீர் போகிறது. இங்கே பிறக்கும் பொகவந்தலாவை ஓயாவின் நீர் கெஹெல்கமு ஓயாவாகக் காசல்ரீ நீர்த்தேக்கத்தை நிரப்பி, மஸ்கெலிய ஓயாவுடன் சேர்ந்து களனியாகிறது. அதுதான் எங்கள் ஊரைத் தொட்டு ஓடி, கொழும்பில் உங்கள் குழாயிலும் வருவது.

எழுபதை நெருங்கும் என் உம்மாவிடம் இதைச் சொன்னபோது ஓடையில் கையை விட்டுப் பார்த்தார். "இந்தத் தண்ணியிலயா மகன் நான் அறுவது வருஷமா உடுப்புக் கழுவின?" என்று கேட்டுவிட்டு நெடுநேரம் அங்கேயே இருந்தார். உலக முடிவுக்குப் போய்வரும் வட்டப்பாதை சுமார் ஒன்பது கிலோ மீற்றர். அவரால் அது முடியாது. மருமகளும் பேத்திகளும் விடிந்ததும் நடந்தார்கள். எண்ணூறு மீற்றருக்கு மேல் செங்குத்தாக இறங்கும் அந்த விளிம்பைக் காலை ஒன்பது மணிக்குள் பார்த்துவிட வேண்டும். பிந்தினால் பனி மூடி வெள்ளைச் சுவர்தான் தெரியும். விளிம்பில் பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

உம்மாவும் நானும் மரைக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆளுக்குப் பயப்படாமல் கிட்ட வருகின்றன. அதுவே அவற்றுக்கு ஆபத்து. சனங்கள் வீசும் சோற்றுப் பார்சலை லஞ்ச் ஷீட்டோடு விழுங்கி வயிறடைத்துச் சாகின்றன. வாசலில் பொலித்தீனைச் சோதித்து வாங்கிவிடுகிறார்கள். சிலர் அதற்காக அங்கே சண்டை பிடிப்பதைக் கண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. காட்டின் சில பகுதிகளில் மரங்கள் நின்றபடியே பட்டுப்போயிருப்பதும் கவலையான காட்சி. பல வருடங்களாக ஆராய்கிறார்கள், காரணம் ஒன்றல்ல என்கிறார்கள்.

நாங்கள் கொண்டுபோனது தேங்காய் ரொட்டி, கட்டைச் சம்பல், அவித்த முட்டை, பேரீச்சம்பழம், வாழையிலையில் கட்டிய இடியப்பம். எல்லாம் டிபன் கெரியரில். தேநீருக்கும் வுழூவுக்கும் வெந்நீர் வைக்க, முகாமில் அனுமதித்த இடத்தில் மட்டும் சிறிய கேஸ் அடுப்பு. பாத்திரம் கழுவியது ஆண்கள். அது புறப்படுமுன்பே செய்துகொண்ட ஒப்பந்தம்!

குளிர் உடும்புப் பிடியாகப் பிடிக்கும். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லின்மேல் உறைபனியே படியும். ஆளுக்கு இரண்டு போர்வை, கம்பளித் தொப்பி, மாற்றுக் காலுறை அவசியம். குளிரில் வுழூ எப்படி என்று பலர் கேட்கிறீர்கள். தண்ணீரைச் சுடவைக்க வசதியிருக்கும்போது தயம்மும் இல்லை. ஆனால் வுழூவுடன் அணிந்த, கரண்டையை மூடும், நீர் புகாத தோல் காலுறையின்மேல் மஸ்ஹு செய்யலாம்; பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு. சாதாரணக் கம்பளிக் காலுறைக்கு நமது மத்ஹபில் இந்தச் சலுகை கிடையாது.

சிறுத்தைகள் உள்ள காடு. இருட்டிய பின் பிள்ளைகளைத் தனியே வெளியே விடாதீர்கள். கூடாரத்துக்குள் சாப்பாடு வைத்தால் காட்டுப்பன்றி தேடி வரும். கழிப்பறைக்கு டோர்ச்சோடு இருவராகப் போங்கள். வீட்டு வசதியை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

வேன் இல்லாதவர்கள் பதுளை ரயிலில் பட்டிப்பொலவில் இறங்கலாம். 1,891 மீற்றர் உயரத்திலுள்ள அதுவே இலங்கையின் மிக உயர்ந்த ரயில் நிலையம். அங்கிருந்து பூங்காவுக்கு வாகனம் பிடித்துக்கொள்ளுங்கள். கூடாரமும் சாமானும் சுமந்து நடக்கிற தூரமல்ல.