மலைகளுக்கு நடுவே ஒரு சமதளம்

பள்ளிக்கூடம் லீவு விட்டால் எங்கே போவது என்ற கேள்விக்குக் கொங்கு நாட்டு வீடுகளில் பதில் எப்போதும் தயார். ஊட்டி, இல்லாவிட்டால் வால்பாறை, கையில் கொஞ்சம் காசு இருந்தால் மூணாறு. மூன்றுமே மலை. வீட்டில் நடக்க முடியாத குழந்தை ஒன்று இருந்தால் இந்த மூன்று பதில்களும் உதவாது.

திருப்பூரில் பனியன் கம்பெனிச் சம்பளத்தில் ஓடும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அப்பா, அம்மா, மூட்டு வலியோடு ஒரு பாட்டி, பிறவியிலேயே கால் வலுவிழந்து சக்கர நாற்காலியில் வளரும் எட்டு வயதுப் பெண். இரண்டு நாள் லீவு. செலவைக் கணக்குப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். மூணாறு என்றால் உடுமலைப்பேட்டை, மறையூர் வழியாகக் கொண்டை ஊசி வளைவுகள். குழந்தைக்கு வாந்தி, நாற்காலியை ஏற்ற வேண்டுமென்பதால் தனி வண்டி, அதற்கு வாடகை. இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலையில் வனத்துறை பஸ் இறக்கிவிட்ட பிறகும் ஏற்றத்தில் நடக்க வேண்டும். இடுக்கி மாவட்டத்தின் அழகே அதன் சரிவுகளில்தான் இருக்கிறது. சக்கரத்துக்கு வினையும் அதே சரிவுதான். கடைசியில், "நீங்க போயிட்டு வாங்க, நான் பாட்டியோட இருக்கேன்" என்று அந்தக் குழந்தையே சொல்லிவிடும். பல வீடுகளில் சுற்றுலா இப்படித்தான் முடிகிறது.

மலையில் ஏறாமல் மலையைப் பார்க்க ஒரு வழி உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை ஓரிடத்தில் சுமார் 30 முதல் 40 கி.மீ. அகலத்துக்கு வழிவிட்டு நிற்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். காற்றும் யானையும் வியாபாரியும் படையும் வந்து போன அந்த வாசலில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 80 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய சமதளமாக விரிந்து கிடக்கிறது பாலக்காடு. வடக்கே மலை, தெற்கே மலை, நடுவே வயலும் கரும்பனையும். மூணாறு 1,500 மீட்டருக்கு மேல். இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு குழந்தைக்கு வீட்டுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம்.

போவதும் சுலபம். 1862-லேயே இந்தக் கணவாய் வழியாகப் போத்தனூர் வரை ரயில் வந்துவிட்டது. கோயமுத்தூரிலிருந்து பாலக்காடு சந்திப்பு சுமார் 55 கி.மீ. திருப்பூரிலிருந்து எக்ஸ்பிரஸ் ரயிலில் இரண்டு மணி நேரச் சொச்சம். வாளையார் தாண்டியதும் காட்டை ஒட்டி ஓடும் ரயிலின் வடக்குப் பக்க ஜன்னலில் மலை எழுந்து நிற்கும். அந்த ஜன்னலைக் குழந்தைக்குப் பிடித்துக் கொடுத்துவிட்டால் பயணத்தின் முதல் காட்சி அங்கேயே ஆரம்பித்துவிடும்.

ரயில் கட்டணத்தில் பலருக்குத் தெரியாத சலுகை ஒன்று இருக்கிறது. துணையில்லாமல் பயணம் செய்ய முடியாத உடல் ஊனமுற்றவருக்கு இரண்டாம் வகுப்பு, படுக்கை வசதி, மூன்றடுக்கு ஏ.சி. ஆகியவற்றில் 75 சதவீதம் தள்ளுபடி. கூடவரும் துணை ஒருவருக்கும் அதே தள்ளுபடி. மூத்த குடிமக்களுக்கான சலுகை 2020-ல் நின்றுபோனாலும் இது நிற்கவில்லை. அரசு மருத்துவர் ரயில்வே படிவத்தில் தரும் சான்றிதழ் கையில் வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு டிக்கெட் கிடையாது. ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால், தனிப் படுக்கை கேட்காதவரை அரை டிக்கெட். கேட்டால் முழுக் கட்டணம். 2016 முதல் இதுதான் விதி. பல ரயில்களில் ஊனமுற்றோருக்கென்று அகன்ற கதவோடு தனிப் பெட்டி இருக்கிறது. அது எந்த முனையில் வரும் என்று கேட்டு வைத்துக்கொண்டால் கடைசி நிமிட ஓட்டத்தைத் தவிர்க்கலாம். பெட்டிக்கும் நடைமேடைக்கும் உள்ள இடைவெளி மட்டும் எல்லா ஊர்களையும் போலத்தான். தூக்கிவிட இரண்டு கைகள் வேண்டும்.

சந்திப்பு இருக்கும் இடம் ஒலவக்கோடு. ஊர் நடுவிலிருந்து நாலைந்து கி.மீ. தள்ளி. மடக்கு நாற்காலி ஆட்டோவின் பின்பக்கத்தில் அடங்கிவிடும். மொழி தடையில்லை. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் தமிழ் வீட்டு மொழி. ஆட்டோக்காரரிடம் தமிழில் கேட்டால் தமிழும் மலையாளமும் கலந்து பதில் வரும்.

தங்குமிடம்தான் கவனமாகக் கேட்க வேண்டிய விஷயம். கேரளப் பொதுப்பணித் துறையின் ஓய்வு இல்லங்களில் 2021 நவம்பர் 1 முதல் பொதுமக்களும் இணையத்தில் அறை பதிவு செய்யலாம். அதிகாரிகளுக்கென்று ஒதுங்கியிருந்த அறைகள், நியாயமான வாடகை. அங்கானாலும் தனியார் லாட்ஜானாலும் பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. அறை தரைத்தளத்திலா? வாசலில் எத்தனை படி? குளியலறைக் கதவின் அகலம் என்ன? சாதாரண நாற்காலியின் அகலம் 60 முதல் 65 செ.மீ. கதவு 75 செ.மீ. இருந்தால் எப்படியோ நுழையலாம். 90 செ.மீ. இருந்தால் கவலையே இல்லை. "எல்லா வசதியும் இருக்கு சார்" என்ற பதிலை நம்ப வேண்டாம். டேப் வைத்து அளந்து சொல்லச் சொன்னால் தப்பில்லை. சாய்தளம் இருக்கிறது என்றாலும் ஒரு கேள்வி பாக்கி. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பதுதான் கணக்கு. பல இடங்களில் சாய்தளம் என்ற பெயரில் இருப்பது ஸ்கூட்டர் ஏற்றும் சறுக்கு.

முதல் நாள் மாலைக்குக் கோட்டை. மைசூர் மன்னர் ஹைதர் அலி 1766-ல் கட்டியது. மக்கள் வாயில் இருப்பது என்னவோ திப்பு சுல்தான் கோட்டை. ஆங்கிலேயர் 1783-ல் பிடித்தார்கள், விட்டார்கள், 1790-ல் மறுபடி பிடித்தார்கள். மலையுச்சியில் நிற்கும் கோட்டைகளுக்கு நடுவே இது ஊருக்கு மத்தியில், சமதரையில், அகழி சூழ நிற்கிறது. கணவாயைக் காவல் காக்க உயரம் தேவைப்படவில்லை போலும். அகழியைச் சுற்றியுள்ள பாதையில் காலையும் மாலையும் ஊரே நடக்கிறது. சக்கர நாற்காலியும் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகப் போகலாம். மதில்மேல் ஏறிப் பார்ப்பது வேறு கதை. அதை அண்ணன் தம்பிகளுக்கு விட்டுவிட்டுக் குழந்தையோடு கீழே அகழியில் மீன் பார்த்துக்கொண்டு நிற்கலாம். பக்கத்துக் கோட்டை மைதானத்தில் மாலைக் காற்று இலவசம்.

இரண்டாம் நாள் காலையில் சாப்பாட்டுக்காகவே ஒரு சிறு சுற்று போகலாம். மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் பிறந்த எலப்புள்ளிக்கு அருகே ராமசேரி. மண்பானை வாயில் கயிற்று வலை கட்டி, அதன்மேல் துணி விரித்து, தோசைக்கும் இட்லிக்கும் நடுவே தட்டையாக ஓர் இட்லியை வேகவைக்கிறார்கள். செய்பவர்கள் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பத்தினர். பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே தட்டில் ஒத்துப்போகும் பலகாரம் அது.

மதியத்துக்கு மலம்புழா. ஊரிலிருந்து சுமார் பத்து கி.மீ. இந்த அணையைத் திறந்துவைத்தவர் காமராஜர். 1955-ல் மலபார் சென்னை ராஜ்யத்தில் இருந்தது. மறு ஆண்டு நவம்பர் 1-ல் கேரளம் பிறந்தபோது அணையும் அதோடு போயிற்று. அணைக்குக் கீழே தோட்டம். அங்கே கானாயி குஞ்ஞிராமன் 1969-ல் செய்த யட்சி காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த சிற்பி. ஆடையில்லாத அந்தப் பிரம்மாண்டப் பெண்ணைக் கண்டதும் பெரியவர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள். குழந்தைகள் மட்டும், இவ்வளவு பெரிய காலை எப்படிச் செய்தார்கள் என்று கேட்பார்கள். பக்கத்தில், உடைந்த வளையலையும் ஓட்டையும் கொண்டு சண்டிகரின் நேக் சந்த் 1996-ல் அமைத்த பாறைத் தோட்டம். ரோப்கார் உண்டு. ஏறுவதற்கு முன்னால் குழந்தையைத் தூக்கி உட்காரவைக்க நேரம் தருவார்களா என்று ஊழியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. தோட்டத்தில் படிகளும் உண்டு, பராமரிப்புக்காகச் சில பகுதிகள் மூடப்படுவதும் உண்டு. கிளம்புமுன் ஒரு போன் செய்துவிட்டால் ஏமாற்றம் மிச்சம்.

ஊர் திரும்புமுன் கல்பாத்தி. பம்பாய் மாதுங்காவிலும் டெல்லியிலும் கல்கத்தாவிலும் இருக்கும் பாலக்காட்டு ஐயர் குடும்பங்கள் பலவற்றுக்கு வேர் இந்த அக்கிரகாரங்களில்தான். ஆற்றை ஒட்டி, நேராக, மேடு பள்ளமில்லாத தெருக்கள். இருபுறமும் ஒட்டி ஒட்டி ஓட்டு வீடுகள், வாசலில் கோலம், திண்ணை. நாற்காலியை யாரும் தள்ளாமல் குழந்தையே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போகக்கூடிய தெரு. இது சின்ன விஷயமில்லை. எட்டு வயதில் தன் இஷ்டத்துக்கு ஒரு தெருவில் முன்னால் போய், திரும்பிப் பார்த்து, "சீக்கிரம் வாங்க" என்று பெரியவர்களை அதட்டுவதுதான் அந்தக் குழந்தைக்குச் சுற்றுலா.

ஆனால் இந்தத் தெரு எல்லோருக்கும் எப்போதும் திறந்திருந்ததில்லை. பொதுத் தெருவில் யாரும் நடக்கலாம் என்று 1924-ல் சென்னை மாகாண அரசு சொன்ன பிறகும், அதே ஆண்டு தேர்த் திருவிழாவின்போது கல்பாத்திக்குள் வந்த ஈழவர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். வைக்கத்தில் கோயில் தெருவில் நடக்கச் சத்தியாகிரகம் நடந்ததும் அந்த ஆண்டுதான். அன்று தடுத்தது ஜாதி. இன்று தடுப்பது படி. படி யாரையும் வெறுப்பதில்லை என்பது உண்மைதான். தாண்ட முடியாதவர் வெளியே நிற்க வேண்டியிருக்கிறது என்பதும் உண்மைதான்.

சட்டம் என்னவோ தெளிவாக இருக்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுக்குள் மாற்றியமைக்கச் சொன்னது. கெடு தாண்டிவிட்டது. பார்வையற்றவரான ராஜீவ் ரதுரி 2005-ல் தொடுத்த வழக்கில் 2024 நவம்பரில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், வெறும் சிபாரிசாகக் கிடந்த விதிகள் போதாது, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய தரங்களை வகுக்க வேண்டும் என்றது. ஒரு வழக்குக்கு 19 ஆண்டு. அதற்குள் எட்டு வயதுக் குழந்தைக்கு 27 வயதாகிவிடும். அதுவரை வீட்டிலேயே இருக்கச் சொல்ல முடியுமா?

கல்பாத்தி விசுவநாத சுவாமி கோயிலிலும் இதே சிக்கல்தான். லட்சுமி அம்மாள் என்ற பெண்மணி காசியிலிருந்து கொண்டுவந்த லிங்கத்துக்கு, பாலக்காட்டை ஆண்ட இட்டிக்கோம்பி அச்சன் காலத்தில், 1425-ஐ ஒட்டி எழுப்பப்பட்ட கோயில். ஆற்றங்கரைச் சரிவில், தெரு மட்டத்துக்குக் கீழே, பள்ளத்தில் இருப்பதால் 'குண்டம்பலம்' என்று பெயர். தெருவிலிருந்து படிகள் இறங்கித்தான் சந்நிதிக்குப் போக வேண்டும். பாட்டி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெல்ல இறங்குவாள். குழந்தையை அப்பா தூக்கிக்கொள்வார், இப்போதைக்கு. பத்து வருஷம் கழித்து முடியாது.

ஐப்பசி முடியும் தறுவாயில், நவம்பர் நடுவில், கணக்கு மாறுகிறது. ரதோற்சவம். விசுவநாதர், விநாயகர், பெருமாள் எல்லோரும் அவரவர் கோயிலை விட்டுத் தேரேறி வெளியே வருகிறார்கள். மூன்றாம் நாள் மாலை தேர்முட்டியில் தேர்கள் சந்திக்கின்றன. உள்ளே வர முடியாதவர்களைத் தேடிச் சாமி தெருவுக்கு வருவதே தேர்த் திருவிழாவின் பழைய ஏற்பாடு. கூட்டம் நெரியும் என்பதால் தெருவின் நடுவே நிற்காமல், காலையிலேயே போய் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையோரம் இடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டால் தருவார்கள். சக்கரங்களின் மேல் அசைந்து வரும் சாமியைப் பார்க்க யாருடைய தோளும் தேவையில்லை.

போக நினைப்பவர்கள் மார்ச் முதல் மே வரை தவிர்க்கலாம். கேரளத்திலேயே வெயில் கடுமையாகக் காயும் ஊர்களில் பாலக்காடும் ஒன்று. நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை நல்லது. தேருக்குப் போவதென்றால் அறையை முன்கூட்டியே பதிந்துவிட வேண்டும். அப்போதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வாசலில் எத்தனை படி?