மலை ரயிலைத் தள்ளும் கைகள்

மேட்டுப்பாளையத்தில் காலை மலை ரயில் ஏறுபவர்களுக்கு ஜன்னலோர இருக்கைதான் கவலை. பின்னாலிருந்து தள்ளப்போகும் நீராவி எஞ்சினைப் பழுது பார்த்தது யார் என்று எவரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்விதான். கல்லாறு தாண்டியதும் பல் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு, ஏறக்குறைய 12 அடிக்கு ஓரடி வீதம் ஏறுகிறது ரயில். அத்தனை பலமும் பாய்லருக்குள் அடைபட்ட நீராவி தருவது. அதில் ஒரு வெல்டிங் பிசகினாலும் உயிருக்கே ஆபத்து.

அதனால் பழைய எஞ்சினை ஒருவரிடம் ஒப்படைக்கும் முன், வெல்டரின் சான்றிதழைப் பார்க்க வேண்டும். அது இந்த வகை வேலைக்கு உரியதா, இதற்குமுன் எந்த பாய்லரைச் சரிசெய்தார் என்றும் விசாரிக்க வேண்டும். வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரை நிரப்பி அழுத்திச் சோதிப்பார்கள். விரிசல் இருந்தால் நீர் கசியும், நீராவியோ வெடித்துவிடும்.

நீலகிரிக்கு ஒரு கொடுப்பினை, திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை. பழைய சுவிஸ் எஞ்சின்களின் வழியில் புதியவற்றையே அங்கே கட்டுகிறார்கள். 2021-ல் நிலக்கரியில் ஓடும் எஞ்சினும் வெளிவந்தது. கட்டிய கையே அந்தக் கைக்குச் சான்று!

குன்னூரில் இறங்கியதும் டீக்கடைக்கு ஓடாமல், எஞ்சின் அருகே ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.