வாட்டர்ஹவுஸ் வேந்தன் கையறுநிலை

சுருள்வில்லே, இனி யார் உன்னை அறைவார்?

கிங்ஸ்டன் நகரின் வடமேற்கே, வாட்டர்ஹவுஸ் என்னும் எளியோர் குடியிருப்பில், டிரொமிலி அவென்யூ 18ஆம் எண் வீட்டில் இருந்தாய் நீ. பாடுவோன் குரலுக்கு மண்டபத்து முழக்கம் தரவென்று செய்த பெட்டிக்குள் அடைபட்ட கம்பிச்சுருள்; பிறர் கையில் அவ்வளவே. அவன் கை உன் பெட்டிமேல் விழுந்தபோதோ இடியானாய். கரிபியக் கடலின் கார்காலம் முழுதும் ஒரு சாண் அகலத் தட்டில் வந்து சுழன்றது. அக்கை மண்ணுள் போயிற்று. நீ எவ்வாறு பொறுத்தனை?

ஆஸ்போர்ன் ரட்டக் அவன் பெயர். கிங் டபி என்பது ஊர் சூட்டிய முடி. அம்முடி போரில் வந்ததன்று. பழுதுபட்ட வானொலிகளைப் பேச வைத்ததில் வந்தது, மின்மாற்றிக்குக் கம்பி சுற்றியதில் வந்தது. தெருவே அரங்கு, ஒலிபெருக்கியே முரசு எனக் கொண்ட அந்நகரின் சவுண்ட் சிஸ்டங்களுள் அவனுடைய ஹோம்டவுன் ஹை-ஃபை தனித்து ஒலித்தது. யூ-ராய் அதன் மைக்கைப் பற்றிச் சொல் பெய்தார். அவன் கையில் வளர்ந்த டப் இசையைக் கஞ்சாப் புகையில் பிறந்த மயக்கம் என்பார் உளர். கேளாதார் கூற்று அது. ஈயம் பற்றவைக்கவும் காந்தநாடாவை அளந்து ஓட்டவும் அறிந்த கம்மியன் ஒருவனின் தெளிவு, ஐயா, அது.

டப்பின் பிறப்போ ஒரு மறதியில். 1960களின் இறுதியில், டியூக் ரீடின் ட்ரெஷர் ஐல் ஒலிப்பதிவுக் கூடத்தில் தட்டு வெட்டியவர் பாராகன்ஸ் குழுவின் பாட்டொன்றில் குரலைச் சேர்க்காமல் விட்டார். ஸ்பானிஷ் டவுனின் ரட்டி ரெட்வுட் அக்குறைத் தட்டையே ஆட்டக்களத்தில் சுழற்றினார். குரல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஊரே பாடிற்று. அதன்பின் தட்டின் முன்பக்கம் பாட்டு, பின்பக்கம் குரல் நீத்த அதன் உடல் என்றாயிற்று. வெர்ஷன் என்றனர் ஜமைக்கர். அதே டியூக் ரீடிடம் தட்டு வெட்டும் தொழில் செய்தவன் டபி. பிறர் மறதியை அவன் இலக்கணமாக்கினான்.

டிரொமிலி வீட்டின் குளியலறையைக் குரல் பதியும் அறையாக்கினான். டைனமிக் கூடம் கைவிட்ட நான்கு தடக் கலவைமேசையைக் கொண்டுவந்து வைத்தான். நான்கே தடம்! அம்மேசையின் பெருங்குமிழே, உன்னை அவன் படிப்படியாகத் திருப்பினான்: தாழ்ந்த ஒலிகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன, சிம்பலின் ஓசை மட்டும் மணற்காற்றாய்ச் சீறிற்று. மீண்டும் திருப்பினான்: நிலத்தடி நீர் போலப் பாஸ் ஊறி எழுந்தது. நாடா ஓடும்போதே கை முடிவு செய்தது. பிழைத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருமுறை செய்ததை மறுமுறை அவ்வண்ணமே செய்தல் அவனுக்கும் அரிது. அதனாலன்றோ ஒரே பாட்டு அவன் மேசையில் பல பிறவி எடுத்தது!

ஜேக்கப் மில்லர் பாடிய ‘பேபி ஐ லவ் யூ சோ’ ஒரு காதலனின் இறைஞ்சல். அதை டபி ‘கிங் டபிஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்’ ஆக்கினான். காதலன் வாய் திறக்கிறான். சொல் முடியுமுன் தன் எதிரொலிக்குள் தேய்ந்து மறைகிறது. அவ்வெற்றிடத்தில் அகஸ்டஸ் பாப்லோவின் மெலோடிகா ஊதுகிறது. முரசு ஒருகணம் நின்று ஆயிரமாய்ச் சிதறுகிறது. கேட்போன் நெஞ்சு குரலைத் தேடி ஏங்கும் வேளை பார்த்து, ஒரே ஒரு அசையாக அதைத் திருப்பித் தருகிறான். இறைஞ்சல் முழுதாய் இருந்தபோது இத்துணை இறைஞ்சவில்லை.

மில்லர் 1980இல் சாலை விபத்தில் மாண்டார், வயது 27. அந்த டப்பின் பெயரையே கொண்ட இசைத்தொகுப்பில் முரசறைந்த கார்ல்டன் பாரெட், 1987 ஏப்ரலில் தம் வீட்டு வாயிலில் சுடப்பட்டு வீழ்ந்தார். பாப்லோவை 1999இல் நோய் கொண்டது. தட்டைச் சுழற்றினால் மூவரும் வருகின்றனர், மறைகின்றனர், மீண்டும் வருகின்றனர்.

கூற்றமே, நீயும் குரலை நீக்குகின்றாய், அவனும் நீக்கினான். ஆயின் நீ தொழில் கல்லாதாய். நீக்கியதை எந்த அடியில் திருப்பித் தர வேண்டும் என்பதை அவன் அறிந்திருந்தான். நாடாவில் ஓசை கிடக்கிறது, மேசையில் அடங்கியிருக்கிறது, விரல் மேலே தள்ளினால் வந்துவிடும். உன் மேசையில் அந்த விரலுக்கு வேலையே இல்லையே! அவனிடம் பயின்ற ஜாமி உளர், சயன்டிஸ்ட் உளர், வல்லோரே. அவர் கை அவர் கை. இன்று கணினியில் ஒரு பொத்தானைத் தட்டி அவ்வெதிரொலியை எத்தனை முறையும் பிழையின்றி எழுப்புகின்றனர்; பிழைக்க அஞ்சாத ஒலியில் எனக்கு ஈடுபாடில்லை.

1989 பிப்ரவரி 6. வாட்டர்ஹவுஸ் கூடத்தில் வேலை முடித்து, டுஹேனி பார்க்கில் தன் வீட்டுக்குத் திரும்பியவனை வாயிலிலேயே சுட்டுக் கொன்றனர். அவனுக்கு வயது 48. சுட்டவர் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை.