பாடிப் போறவனும் பேலன்ஸ் ஷீட்டும்

தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறினால் பொத்தேரியில் பாதிப் பெட்டி காலியாகிவிடும். எல்லாம் காலேஜ் பசங்க. காட்டாங்குளத்தூர் தாண்டினால் மறைமலைநகர். வெளியே வந்தால் ஜி.எஸ்.டி. ரோடு. (பயப்படாதீர்கள், இது வரி இல்லை. கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு.)

ஊருக்குப் பேர் தந்தவர் லேசுப்பட்டவரில்லை. வேதாசலம் என்ற தன் பெயரிலேயே வேதத்தை மறையாக்கி, அசலத்தை மலையாக்கி மறைமலை அடிகள் ஆனவர். தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்த ஊர் கபடி மைதானத்துப் பக்கம் போனால் காதில் விழுவது: "ரெய்டு போடா!", "போனஸ் எடுடா!", "டூ ஆர் டைடா மச்சான்!" அடிகளார் மன்னிப்பாராக.

நான் போன அன்றைக்கு விஷயம் கொஞ்சம் சீரியஸ். வெளியூர்க் காலேஜ் கோச் ஒருவர் வந்திருந்தார். நல்ல ரைடர் ஒருவன் வேண்டுமாம். தேறினால் ஃபீஸ் இல்லாமல் சீட்டு, ஹாஸ்டல், சாப்பாடு. பசங்களின் அம்மாக்கள்கூட வேலி ஓரம் நின்றார்கள்.

என் பக்கத்தில் ஒரு பெரியவர், மடியில் கோடு போட்ட நோட்டு. முப்பது வருஷம் தொழிற்சாலையில் குவாலிடி செக்‌ஷன். 2022-ல் இங்கே ஃபோர்டு கார் உற்பத்தி நின்ற பிறகும் இந்த ஊரில் ஷிஃப்ட், ரிஜெக்‌ஷன், டார்கெட் என்று பேசுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. இவர் அதையெல்லாம் கபடிக்குக் கொண்டு வந்துவிட்டார்.

"ஸ்கோர் டேபிள்ல எழுதறது உற்பத்தி தம்பி. நான் எழுதறது ரிஜெக்‌ஷன் கழிச்சு" என்றார்.

பார்த்தேன். சிவப்பு பனியன் பையன்: 24 ரெய்டு, 12 பாயிண்ட். நீல பனியன்: 13 ரெய்டு, 8 பாயிண்ட். யார் ஒசத்தி? சிவப்புதான் என்று கூட்டம் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

"இருங்க. சிவப்பு ஏழு தடவை மாட்டிக்கிட்டான். நீலம் ரெண்டே தடவை."

பன்னிரண்டில் ஏழு போனால் அஞ்சு. எட்டில் ரெண்டு போனால் ஆறு. பி.காம். முதல் வருஷமே சொல்லிக் கொடுக்கிற கிராஸ், நெட் சமாச்சாரம்! அதோடு முடியவில்லை. சிவப்பின் பன்னிரண்டில் ஆறு போனஸ். எதிரில் ஆறு பேருக்குக் குறையாமல் நிற்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் கிடைப்பது. பாயிண்ட் வரும். ஆனால் எதிராளி யாரும் வெளியே போக மாட்டான், வெளியே உட்கார்ந்திருக்கும் நம்ம ஆளும் உள்ளே வர மாட்டான். தொட்டு எடுத்தால் ஒருத்தன் வெளியே, நம்மவன் ஒருத்தன் உள்ளே. ஸ்கோர் போர்டில் ரெண்டுக்கும் ஒரே ஒண்ணு! நீலத்தின் எட்டும் தொட்டு எடுத்தது.

இந்தக் கிறுக்கு நம்மூர்க்காரருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் காலேஜ் ஃபுட்பால் என்று ஒன்று. காலால் உதைப்பது இல்லை. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கு 'ரன்னிங் பேக்' என்று பேர். எதிராளி கூட்டத்துக்குள் தனியாகப் போய் மீளுகிறவன் என்ற வகையில் நம்ம ரைடருக்கு ஒன்றுவிட்ட தம்பி. இவனை எடை போட அங்கே பெரிய படிப்பே நடக்கிறது. ஓடிய மொத்த கஜத்தை நம்ப மாட்டார்கள். முதல் நாலைந்து கஜத்துக்கான பெருமை முன்னால் வழி வெட்டித் தந்த தடியர்களுக்கு. அதற்கு மேல் ஓடினால்தான் இவனுக்குப் பங்கு. நாலு முயற்சியில் பத்து கஜம் கடக்க வேண்டிய ஆட்டம் அது. மூன்றாவது முயற்சியில் ரெண்டு கஜம் தேவைப்படும்போது மூணு ஓடினால் பாஸ்; எட்டு தேவைப்படும்போது அதே மூணு ஃபெயில்.

2008-ல் பில் பார்ன்வெல் என்பவர் 'ஸ்பீடு ஸ்கோர்' என்று ஒன்று கண்டுபிடித்தார். ஆளின் எடையை (பவுண்டில்) 200-ஆல் பெருக்கி, 40 கஜம் ஓடும் நேரத்தின் நான்காம் படியால் வகுக்க வேண்டும். 210 பவுண்டு ஆள் நாலரை செகண்டில் ஓடினால் 102. நூறு வந்தால் சராசரி. பொண்ணு பார்க்கப் போகும்போது இப்படி ஒரு ஃபார்முலா இருந்தால் எத்தனை சௌகரியம்!

கணக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுமா என்றால், தமிழ் தலைவாஸைக் கேட்க வேண்டும். பவன் ஷெராவத் 2019 புரோ கபடியில் 346 ரெய்டு பாயிண்ட் எடுத்தவர். ஒரே மேட்ச்சில் 39. அவரை 2022-ல் தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்தது. முதல் மேட்ச்சிலேயே முழங்கால் போய், சீசனே அவ்வளவுதான். அந்த இடத்தை நிரப்பியவர் அப்போதுதான் முதல் சீசன் ஆடிய நரேந்தர். 243 ரெய்டு பாயிண்ட்! தலைவாஸ் முதல் தடவையாக அரையிறுதிக்குப் போனது. ஏலத்துக்கு முன்னால் எந்த நோட்டிலும் அது இல்லை.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். "சரிதான். அதனாலதான் இந்தக் காலம் போட்டிருக்கேன்" என்று கடைசிக் கட்டத்தைக் காட்டினார். டூ ஆர் டை. ரெண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது ரெய்டில் பாயிண்ட் எடுத்தே ஆகணும், இல்லாவிட்டால் அவுட். சிவப்பு போனது ஒரே தடவை. மாட்டிக்கொண்டான். நீலம் நாலு தடவை. மூணு பாஸ். "ஆகாத நேரத்துல யாரை அனுப்பறான்னு பாருங்க தம்பி. டீமுக்குள்ள இருக்கறவனுக்குத் தெரியும்."

மேட்ச் முடிந்து கோச் நேராக ஸ்கோர் ஷீட்டுக்குப் போனார். பன்னிரண்டு என்ற எண்ணைப் பார்த்து, "யாருய்யா அந்த சிவப்பு பனியன்? கூப்பிடு" என்றார். சிவப்பு ஓடி வந்தான். அவன் அம்மா வேலியை விட்டு நாலு அடி உள்ளே வந்துவிட்டார். எனக்கு என்னவோ போலிருந்தது. அவனும் மோசமான ஆட்டக்காரன் இல்லை.

பெரியவர் எழுந்தார். வேட்டியைத் தட்டிவிட்டு, "சார், ஒரு நிமிஷம்" என்று நோட்டை நீட்டினார். கோச் வேண்டாவெறுப்பாக வாங்கினார். ஒரு பக்கம் திருப்பினார். மறுபடி பின்னால் வந்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இந்த நீலம் டூ ஆர் டை எத்தனைன்னு சொன்னீங்க?"