வாசலில் வளர்ந்த இலக்கணம்

பெங்களூர் அலசூரில் நாங்கள் குடியிருக்கும் இல்லத்தின் வாசல், நாலு முழச் சிமெண்டுத் தரை. தஞ்சை மாவட்டத்துக் கிராமத்தில் தெருவடைத்துக் கோலமிட்டுப் பழகிய எங்கள் அன்னையார், இங்கு வந்தபின்னும் அதே கோலத்தைத்தான் இட்டார். "இடத்துக்குத் தக்கபடி சுருக்கிக்கொண்டேன், கோலம் மாறவில்லை" என்பார். அச்சொல்லை அன்று நாங்கள் பொருட்படுத்தவில்லை.

அவர் மறைந்தபின், அவருடைய நோட்டுப் புத்தகத்தில் அக்கோலத்தின் மிகச் சிறிய உருவம் ஒன்றே எஞ்சியிருந்தது. பொங்கலன்று அதைப் பெரிதாக இட முயன்ற துணைவியார், கம்பி அறுந்துபோக, இருமுறை அழித்தார். "பாட்டி எப்படிப்பா போட்டாங்க?" என்று மகள் வினவினாள். அலுவலகக் கோப்புகளின் எண்களை எல்லாம் நினைவில் வைத்திருக்கும் எங்களுக்கு, பிறந்த நாள்முதல் வாசலில் கண்ட கோலம் நினைவில்லை!

விடை தாம்பரத்தில் இருந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து, கோலங்களுக்கு இலக்கணம் வகுத்து 1974இல் கட்டுரை வெளியிட்டனர். சொல்லுக்கு இலக்கணம் உண்டென்று பி.ஏ. வரை படித்த நாங்கள், சிக்குக் கோலத்துக்கும் உண்டென்று அறிந்தது அப்போதுதான். 'கண்ணன் காற்சிலம்பு' என்னும் கோலத்தில், கோட்டின் ஒரு சிறு துண்டு இருக்கும் இடத்தில் அதே துண்டு நான்காகப் பெருகி அமர்கிறது. ஒவ்வொன்றின் இடத்திலும் மீண்டும் நான்கு. விதி ஒன்றே, வாசலின் அகலந்தான் அதை நிறுத்துகிறது.

இத்தகைய விதியை 1968இல் லிண்டன்மேயர் என்னும் உயிரியலார், பாசியிழைகளின் வளர்ச்சியை விளக்க அமைத்திருந்தார். ஒவ்வோர் உயிரணுவும் தனக்குரிய விதிப்படி பிரிய, இழை நீள்கிறது. பின்னாளில் அம்முறையைக் கொண்டே கணிப்பொறியில் செடிகளையும் வரைந்தனர், நம் கோலங்களையும் வரைந்தனர். பெரணி இலையின் ஒரு கிளையைக் கிள்ளிப் பாருங்கள்: சிறியதொரு பெரணி இலையே கையில் இருக்கும். காலிபிளவரும் அப்படியே. இவற்றைப் போன்ற உருவங்களுக்கு மாண்டல்பிரோ 1975இல் 'ஃபிராக்டல்' என்று பெயரிட்டார். எங்கள் அன்னையார் பெயரொன்றும் இடவில்லை.

இந்த ஆண்டு மகள், நோட்டுப் புத்தகத்துச் சிற்றுருவை நான்காக்கி, மூலைகளில் இணைத்து இட்டாள். கம்பி அறவில்லை; ஒரு புள்ளி மட்டும் கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டது. எதிர்வீட்டுக் கன்னட அம்மையார் சிரித்துக்கொண்டே குனிந்து, அதைச் சுற்றி ஒரு சுழி இழுத்துச் சேர்த்துவிட்டார்.