ஆட்டிட்யூட் சரியில்ல சார்

உங்க காலேஜ் டீமில் ஒரே ஒரு இடம் பாக்கி. ஒருத்தன் சூப்பரா ஆடுறான், ஆனா வாய் ஜாஸ்தி. இன்னொருத்தன் சுமாராத்தான் ஆடுவான், ஆனா சொன்ன பேச்சு கேப்பான். யாரை எடுப்பீங்க?

போன வருஷம் எங்க ஃபுட்பால் டீமுக்கு இதே கேள்வி வந்தது. பி.டி. சார் என்னைக் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "ஆட்டிட்யூட் சரியில்ல சார்" என்றேன். அந்த ஃபர்ஸ்ட் இயர் பையன் பெயர் லிஸ்டில் வரவில்லை.

ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நாலு வருஷமா நான் டீமில் இருப்பதே கேரக்டர் கோட்டாவில்தான். காலை ஆறு மணி பிராக்டிஸுக்கு முடிச்சூரிலிருந்து முதல் ஆளா வந்துடுவேன். பந்துக்குக் காத்து அடிப்பேன், எல்லாருடைய பிப்பையும் துவைச்சு எடுத்துட்டு வருவேன். மேட்ச்சில் கடைசி பத்து நிமிஷம் இறங்குவேன். அதனால 'குணம்தான் முக்கியம்'னு நான் பேசினா, அதில் என் இடத்துக்கான பயமும் கொஞ்சம் இருக்கும்.

குணத்தைப் பார்க்கவே வேண்டாம்னு சொல்லலை. டிஎன்இஏ கவுன்சிலிங்கில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு 500 இடம் இருக்கு. அங்கே ரேங்க் போடுவது விளையாட்டு சர்டிபிகேட்டை வைத்துத்தான். குணத்துக்கு சர்டிபிகேட் கிடையாது. ஆனா ஒருத்தன் ரெட் கார்டு வாங்கினா மீதி பத்து பேரும் சேர்ந்து ஓடணும். அதனால காலேஜ் டீமில் யாராவது அதைப் பார்த்துத்தான் ஆகணும். சிக்கல் என்னன்னா, எதைப் பார்த்து முடிவு பண்றோம்?

2006 உலகக் கோப்பை ஃபைனல், பெர்லின். 110-ஆவது நிமிஷம் ஜிடேன் இத்தாலியின் மாத்தராஸி நெஞ்சில் தலையால் முட்டி, ரெட் கார்டு வாங்கி வெளியே போனார். பிரான்ஸ் பெனால்டி ஷூட்அவுட்டில் 5-3 என்று தோற்றது. ஆனாலும் அந்தத் தொடரின் கோல்டன் பால் அவருக்குத்தான். வாயால் சீண்டிவிட்ட மாத்தராஸி? 2015-இல் நம்ம சென்னையின் எஃப்சிக்கு மேனேஜரா இருந்து ஐஎஸ்எல் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். நாமதான் கைதட்டினோம். இந்த ரெண்டு பேரில் யாரை 'கேரக்டர் சரியில்லை'ன்னு டிரையல்ஸிலேயே திருப்பி அனுப்பியிருப்பீங்க?

இப்போ எங்க டிரையல்ஸுக்கு வர்றேன். நானும் அந்தப் பையனும் ஒரே சைடு. கூடுவாஞ்சேரிக்காரன், லெஃப்ட் ஃபுட். ரெண்டு பேரைத் தாண்டி காலி இடத்துக்கு ஓடினான். நான் கொடுத்த பாஸ் அவனுக்குப் பின்னாடி போய் எதிர் டீம்காரன் காலில் விழுந்தது. "யோவ், பாத்துக் குடுய்யா!" என்று கத்தினான். சீனியரைப் போய் 'யோவ்'! எனக்குக் காது சுட்டது. நான் சாரிடம் சொன்ன 'ஆட்டிட்யூட்' அவ்வளவுதான்.

அடுத்து நடந்ததை நான் சொல்லவே இல்லை. பந்து போன அந்த நொடியே அவன் திரும்பி, பாதி கிரவுண்ட் ஓடி, அதைப் பறித்தான். தப்பு பண்ணின நான் நின்ன இடத்திலேயே நின்னேன்.

இந்த வருஷம் டிரையல்ஸுக்கு முன்னாடி கேன்டீனில் அவனைப் பிடித்து எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் டீ கிளாஸையே பார்த்துட்டிருந்தான். "ஒரு வருஷம் போச்சேண்ணா" என்றான். அப்புறம், "ஆனா அந்த பாஸ் நெஜமாவே மோசம்ணா."

சாரிடமும் போய்ச் சொன்னேன். இப்போ பையன் டீமில் இருக்கான். வாய் குறையலை. போன வாரம் ரெஃப்ரியோட சண்டை போட்டு யெல்லோ கார்டு வாங்கினான். சார் அடுத்த மேட்ச்சில் அவனை பெஞ்சில் உட்கார வெச்சார். அது நியாயம்தான். அவன் உட்கார்ந்தது என் பக்கத்தில்.

நாளைக்கு உங்க சாரும் உங்களைக் கேட்கலாம். பதில் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. பந்து போனதும் அவன் எந்தப் பக்கம் ஓடுறான்? அவன்மேல உங்களுக்கு வந்த கோபம் டீமுக்காகவா, உங்களுக்காகவா?

எனக்கு மே மாசத்தோட காலேஜ் முடியுது. அவனுடைய அந்த ஒரு வருஷத்தை என்னால் திருப்பித் தர முடியாது.