அயலூர்க் களத்தில் ஒரு மல்லன்

புறநானூற்றில் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பற்றிய பாடல்களை வகுப்பில் நடத்தும்போது மாணவர்கள் வழக்கத்திற்கு மாறாகக் காது கொடுப்பார்கள். மற்போர் என்றால் யாருக்குத்தான் ஆவல் பிறக்காது? உறையூர் அரசன் தித்தனின் மகன் அவன். தந்தையோடு பகைத்து நாடிழந்து, அயலூரில் கூழுண்டு வாழ்ந்தவன் என்று சொல்வது மரபு. ஆமூர் மல்லனோடு பொருது அவனை வீழ்த்துகிறான். சாத்தந்தையார் இந்தப் போரைப் பாடுகிறார். ஆனால் நம்மை நெடுநாள் விடாமல் தொடர்வது நக்கண்ணையாரின் பாட்டொன்று. இவனுக்கு அவ்வூரும் உரியதன்று, அந்நாடும் உரியதன்று. ஆகவே கண்முன்னே நடந்த போரில் வென்றது இவனே என்று சிலரும், இல்லை என்று சிலரும் சொல்கிறார்களாம்.

பிழைக்க வந்த இடத்தில் உடம்பால் போரிடுகிறவனின் நிலையை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லிவிடவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. 'சார்பட்டா பரம்பரை' (2021) வெளிவந்த நாட்களில் வடசென்னைக் குத்துச்சண்டையைப் பற்றி ஊரே பேசியது. ஆதம்பாக்கத்துத் தேநீர்க் கடையில்கூட இடியாப்ப நாயக்கர் பரம்பரை அலசப்பட்டது. அந்தப் பேச்சின் நடுவே நம் மனம் சென்று நின்றதோ நைஜீரியாவின் டிக் டைகரிடம். வடசென்னை வீரனுக்குத் தோற்றாலும் தோள் கொடுக்கப் பரம்பரை உண்டு. டைகருக்கு அது வாய்க்கவில்லை.

இயற்பெயர் ரிச்சர்ட் இஹெட்டு. கிழக்கு நைஜீரியாவின் அமைக்போவில் 1929இல் பிறந்த இக்போ இனத்தவர். 1955இன் இறுதியில் லிவர்பூலுக்குக் கப்பலேறினார். நம் இலக்கணம் பொருள்வயிற் பிரிவு என்று சொல்லும் பிரிவு இது. என்ன, பாலை நிலத்துக்குப் பதிலாகப் பனி. அங்கே ஆடிய முதல் நான்கு போட்டிகளிலும் தோல்வி. குத்துச்சண்டை சோறு போடாததால் பெயின்ட் கம்பெனி ஒன்றில் கூலிக்கு நின்றார். நான்கு தோல்விக்குப் பின்னும் ஊர் திரும்பாதவர்களைப் பற்றி நாம் மனவுறுதி, விடாமுயற்சி என்றெல்லாம் எழுதிவிடுகிறோம். திரும்ப முடியாமையும் அதில் பாதி இருக்கும். கடன் வாங்கி வளைகுடாவுக்குப் போனவர்களின் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

1957இல் டெர்ரி டவுன்ஸை வீழ்த்தினார். அடுத்த ஆண்டு லிவர்பூலிலேயே பாட் மக்காடீரை ஒன்பதாம் சுற்றில் நாக் அவுட் செய்து பிரிட்டிஷ் பேரரசின் மிடில்வெயிட் பட்டத்தைப் பெற்றார். 1959இல் அமெரிக்கா. 1962 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜீன் ஃபுல்மரை வென்று உலகப் பட்டம். மறு ஆண்டு ஆகஸ்டில், அதே ஃபுல்மரோடு இபாதான் நகரில் மோதி ஏழு சுற்றுகளில் முடித்தார். விடுதலை பெற்று மூன்றே ஆண்டுகளான நைஜீரியா அவரைத் தன் மகன் என்று கொண்டாடியது.

பட்டம் கைமாறியது, மீண்டது, மறுபடியும் போயிற்று. 1966இல் அதைப் பறித்த எமில் கிரிஃபித்தும் வர்ஜின் தீவுகளிலிருந்து நியூயார்க் வந்து சேர்ந்தவரே. அந்தத் தீர்ப்பைப் பற்றி அன்றே சர்ச்சை எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில், முப்பத்தேழு வயதில், எடை கூடிய பிரிவுக்கு ஏறி ஹோசே டோரஸிடமிருந்து லைட் ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். 1967 மே 16 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மறுபோட்டி. மீண்டும் டைகரே வென்றதாக நடுவர்கள் பிரிந்த தீர்ப்பளிக்க, டோரஸின் போர்ட்டோ ரிக்கோ ரசிகர்கள் புட்டிகளை வீசிக் கலகம் செய்தார்கள். நக்கண்ணையார் கண்ட அதே கூட்டம்.

இரண்டே வாரத்தில், மே 30 அன்று, கிழக்கு நைஜீரியா பயாஃப்ரா என்ற தனிநாடாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. முந்தைய ஆண்டில் வடக்கே இக்போக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டிருந்தார்கள். போர் மூண்டது. இபாதானில் நாட்டின் மகனாக நின்றவர் அந்நாட்டுக்கே பகைவரானார். பயாஃப்ரா படையில் சேர்ந்து வீரர்களுக்கு உடற்பயிற்சி அளித்தார். இடையிடையே அமெரிக்கா சென்று போட்டிகளிலும் ஆடினார். 1968 மே மாதம் பாப் ஃபாஸ்டர் நான்காம் சுற்றில் அவரை வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தார். 82 போட்டிகள் கொண்ட வாழ்வில் அவர் நாக் அவுட் ஆனது அந்த ஒருமுறைதான்.

முற்றுகையில் பயாஃப்ராக் குழந்தைகள் பட்டினியால் மடிந்தார்கள். நைஜீரிய அரசுக்கு ஆயுதம் தந்தது பிரிட்டன். தமக்கு பிரிட்டன் அளித்திருந்த எம்.பி.இ. விருதை 1969 டிசம்பரில் டைகர் திருப்பி அனுப்பினார். சில வாரம் முன்புதான் ஜான் லெனனும் தம்முடையதைத் திருப்பியிருந்தார். உலகம் நினைவில் வைத்திருப்பது லெனனை. லெனனுக்கு அது பல காரணங்களுள் ஒன்று. டைகருக்கு அது சொந்த ஊர்.

1970 ஜனவரியில் பயாஃப்ரா சரணடைந்தது. குத்து வாங்கிச் சேர்த்து நைஜீரியாவில் வாங்கிப் போட்டிருந்த சொத்தின் பெரும்பகுதி போரோடு போயிற்று. பாரிஸிலும் டொராண்டோவிலும் உழைத்து யாழ்ப்பாணத்துக்குப் பணம் அனுப்பியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவ்வாண்டு ஜூலையில் கிரிஃபித்திடம் தோற்றதே கடைசிப் போட்டி. பிறகு நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகத்தில் காவலராக வேலைக்குச் சேர்ந்தார்.

நம் அடுக்ககக் காவலாளி ஒடிசாக்காரர். ஊர்த் திருவிழாக்களில் குஸ்தி பிடித்தவர் என்பது அவர் வந்து மூன்றாண்டு கழித்து, தண்ணீர் மோட்டாரைத் தனியாளாகத் தூக்கியபோது பேச்சுவாக்கில் தெரிந்தது. இரு எடைப் பிரிவுகளில் உலகை வென்றவரின் அருகே நின்று, எகிப்தியக் கூடம் எந்தப் பக்கம் என்று கேட்டுச் சென்றவர்கள் எத்தனை பேரோ.

1971இல் கல்லீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஊர் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பர் 14 அன்று, நாற்பத்திரண்டாம் வயதில், ஆபா நகரில் இறந்தார். அப்போது அது மறுபடியும் நைஜீரியாவாக இருந்தது.